வில்லங்கம் இல்லைன்னு எழுதியாச்சு, வெள்ளத்தைப் பத்தி யாரு எழுதுவா?

பி.காம் படிக்கிற எல்லாருக்கும் ஒரு குதிரையைத் தெரிஞ்சிருக்கும். வணிகச் சட்டம் பேப்பர்ல வர்ற குதிரைதான். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மறந்து போனவங்களுக்காக இன்னொரு தடவை.

'அ' கிட்ட ஒரு குதிரை இருக்கு. அதுக்கு உடம்பு சரியில்லைன்னு அவருக்குத் தெரியும். ஏலத்துல 'ஆ'வுக்கு விக்கிறார். குதிரையைப் பத்தி வாயே திறக்கலை. இது மோசடியா? இல்லைங்குது சட்டம். சும்மா இருந்தது மோசடி ஆகாது. அடுத்த உதாரணத்துல 'ஆ' வேற யாரும் இல்லை, 'அ'வோட மகள், இப்பதான் மேஜர் ஆனவள். அப்பன்னா சொல்லியே ஆகணும். மூணாவதுல 'ஆ' சொல்றார், "நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்". 'அ' பேசாம நிக்கிறார். இங்க மௌனமே பேச்சுக்குச் சமம்.

கூடவே 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்துல 'வாங்குறவனே, நீ விழிச்சுக்கோ' தத்துவம். இது ரெண்டையும் படிச்சுட்டுப் பரீட்சை எழுதிட்டு வெளிய வந்தா, உலகத்துல எந்தப் பொருளை வித்தாலும் நாமளா எதையும் சொல்ல வேண்டியதில்லைன்னு ஒரு நினைப்பு வந்துடும். நானும் அப்படித்தான் இருந்தேன், எங்க வீட்டையே விக்கிற பேச்சு வர்ற வரைக்கும்.

வீடு சரக்கு இல்லை மக்களே. அசையாச் சொத்து. அதுக்குன்னு தனிச் சட்டம், 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம். நம்ம பாடத்திட்டத்துல இல்லாததால நிறைய பேர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம். அதுல 55-வது பிரிவு, விக்கிறவர் என்ன செய்யணும், வாங்குறவர் என்ன செய்யணும்னு ஒரு பட்டியல். விக்கிறவரோட பட்டியல்ல முதல் வேலையே இதுதான்: சொத்துலயோ, அதுல தனக்கு இருக்கிற உரிமையிலயோ முக்கியமான குறை இருந்தா அதை வாங்குறவர்கிட்ட சொல்லணும். மூணு விஷயம் சேரணும்.

1. விக்கிறவருக்கு அந்தக் குறை தெரிஞ்சிருக்கணும்.
2. வாங்குறவருக்குத் தெரியாம இருக்கணும்.
3. சாதாரண கவனத்தோட பார்த்தாலும் வாங்குறவரால கண்டுபிடிக்க முடியாததா இருக்கணும்.

மூணும் இருந்து சொல்லாம விட்டா, அது மோசடின்னு அந்தப் பிரிவோட கடைசியிலயே எழுதி வச்சிருக்காங்க. குதிரைக்கு நேர் எதிர்! அதாவது வீட்டு விஷயத்துல, வாங்க வர்ற ஊர் பேர் தெரியாத ஆளையும் நம்ம மகள் மாதிரி நினைச்சுப் பேசச் சொல்லுது சட்டம்.

எது மறைவான குறை, எது வெளிப்படையான குறை? ஹால் சுவத்துல குறுக்கே விரிசல் ஓடுதுன்னா அதைப் பார்க்காதது வாங்குறவர் தப்பு. ஆனா அந்த விரிசல் மேல பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சு, முன்னாடி பீரோவை நிறுத்தி வச்சா? சித்திரை வெயில்ல வீடு பார்க்க வந்தவருக்கு ஐப்பசியில மொட்டை மாடி ஒழுகும்னு எப்படித் தெரியும்? கார்த்திகையில பார்க்க வந்தவருக்கு போர்வெல் கோடையில காத்து மட்டும்தான் தரும்னு எப்படித் தெரியும்? கோவில்பட்டி பக்கம் கரிசல் மண். ஈரத்துல உப்பி, காய்ஞ்சா சுருங்கி அஸ்திவாரத்தையே ஆட்டி வைக்கும். வருஷா வருஷம் விரிசலைப் பூசிக்கிட்டு இருக்கிறவருக்கு அது தெரியும், ஒரு நாள் வந்து காபி குடிச்சுட்டுப் போறவருக்குத் தெரியாது.

ஒரு ஓட்டை இருக்கு. விக்கிறவருக்கே தெரியாத குறைக்கு இந்தப் பிரிவுல அவர் பொறுப்பு இல்லை. பிரான்ஸ் நாட்டு சிவில் சட்டத்துல, வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலைன்னா, தெரியாத குறைக்கும் விக்கிறவர்தான் பொறுப்பு. நம்ம ஊர்ல "உங்களுக்கு முன்னாடியே தெரியும்"னு நிரூபிக்கிற பாரம் வாங்கினவர் தலையில. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி, பழைய கொத்தனார் பில் எல்லாம் தேடி அலையணும்.

நம்ம கிரையப் பத்திரங்களை எடுத்துப் பாருங்க. "மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை" என்று ஆரம்பிச்சு, பின்னாடி ஏதாவது வந்தா சொந்தச் செலவுல தீர்த்துத் தர்றேன்கிற வரைக்கும் மூச்சு விடாம ஒரு பத்தி ஓடும். அடமானம் இல்லை, ஜப்தி இல்லை, ஜாமீன் இல்லை, மைனர் பாத்தியம் இல்லைன்னு எல்லா 'இல்லை'யும் இருக்கும். எல்லாமே காகிதத்துக்கு வர்ற சீக்குதான். வீட்டோட உடம்பைப் பத்தி ஒரு வரி கிடையாது. வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவு அலுவலகத்துல பதிவான நடவடிக்கைகள் அதுல வரும். கரையான் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுறதில்லையே :-)

இப்ப எங்க வீட்டுக் கதை. சிந்துபூந்துறையில தாத்தா கட்டின வீடு. ஆத்துக்கும் எங்களுக்கும் ரொம்ப தூரம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் திருநெல்வேலிக்காரங்க யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு, சுமார் 800 பேர் வெளிய வர வழியில்லாம மாட்டிக்கிட்டாங்க. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே இருக்கிறதால மூழ்கிறது புதுசில்ல, அதுதான் எங்களுக்கு வெள்ளத்தை அளக்கிற கோல். ஆனா அன்னைக்கு கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், கைலாசபுரம்னு தாமிரபரணி ஊருக்குள்ளயே வந்துடுச்சு. எங்க வீட்டுல ஜன்னல் அடிக்கட்டை வரைக்கும் தண்ணி. பிரிட்ஜ் படகு மாதிரி மிதந்துச்சு. வடிஞ்ச பிறகு சேறு வாரவே ஒரு வாரம் ஆச்சு. ஆச்சி 1992 நவம்பர் வெள்ளத்தையும் அதே வீட்டுல பார்த்தவ. "அப்பவும் இப்படித்தாம்ல வந்துச்சு"ன்னு மட்டும் சொன்னா.

ஆச்சி போன பிறகு வீட்டை வித்து மூணு பங்கா பிரிச்சுக்கலாம்னு பேச்சு. பெரியப்பா, அப்பா, அத்தை. அதுக்குள்ள சுவரெல்லாம் பூசி வெள்ளையடிச்சு வீடு பளிச்சுன்னு ஆயிடுச்சு. செங்கோட்டைப் பக்கம் இருந்து ரிட்டயர்டு சார் ஒருத்தர், மகன் இங்க வேலை பார்க்கிறதால குடிவர நினைச்சுப் பார்க்க வந்தார். பிடிச்சுப் போச்சு. 42 லட்சம் பேசியாச்சு. வெள்ளத்தைப் பத்தி அவர் கேக்கலை.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல பஞ்சாயத்து.

புரோக்கர் சொன்னார், "அண்ணாச்சி, வெள்ளம் ஊருக்கே வந்தது. நீங்க எதுக்குத் தனியா சொல்லிக்கிட்டு? கேட்டா பாத்துக்கிடலாம்."

பெரியப்பாவும் அதே கட்சி. "எலேய், அவரு பேப்பர் படிக்காமலா இருப்பாரு?"

அப்பா மெதுவா சொன்னார், "தண்ணி வந்தது பேப்பர்ல வரும்ணே. நம்ம வீட்டுல ஜன்னல் வரைக்கும் வந்தது எந்தப் பேப்பர்ல வந்துச்சு?"

நான் நடுவுல புகுந்து 55-வது பிரிவைச் சொன்னேன். "பி.காம் படிக்கச் சொன்னா இவன் வக்கீலுக்குல்லா படிக்கான்"னு பெரியப்பா கடுப்பானார். ஆனா யோசிச்சுப் பாருங்க, அப்பா கேட்டதுதான் சட்டத்தோட கேள்வியும். ஊருக்குள்ள வெள்ளம் வந்ததை சாதாரண கவனம் உள்ள எவரும் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கலாம். அதனால "அது மறைவான குறையே இல்லை"ன்னு ஒரு வக்கீல் வாதாட இடம் இருக்கு. ஆனா குறிப்பிட்ட அந்த வீட்டுக்குள்ள எத்தனை அடி நின்னுச்சு, எத்தனை நாள் நின்னுச்சு, பூச்சுக்கு அடியில செங்கல் என்ன நிலையில இருக்குங்கிறது வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். அதுவும் புதுசாப் பூசின பிறகு? எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

இன்னொண்ணு, சட்டப்படி வழக்குப் போட மூணு வருஷம்னு கெடு இருக்கேன்னு சிலர் நினைப்பாங்க. 1963-ம் வருஷத்து காலவரையறைச் சட்டம் 17-வது பிரிவுப்படி, மோசடின்னா அது தெரிய வந்த நாள்ல இருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். கவனமா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கக்கூடிய நாளும் கணக்குல வரும். பத்து வருஷம் கழிச்சு அடுத்த வெள்ளம் வந்து பூச்சு உரிஞ்சாலும் கேள்வி வரலாம். கணக்குப் படிக்கிறவன் பாஷையில சொன்னா, இது ஐந்தொகையில காட்டாம மறைச்சு வச்ச பொறுப்பு.

இதையெல்லாம் விட அத்தை ஒண்ணு சொன்னா. "நாளைக்கு இவன் ஒரு வீடு வாங்கப் போவான். ஒருத்தன் இப்படி மறைச்சு வித்தா நாம சும்மா இருப்போமா?" பெரியப்பா பதில் சொல்லலை.

மறுநாள் அப்பா அந்த சாரை வரச்சொல்லி, சுவர் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் வெள்ளையடிக்கலை. சேத்துக்கோடு அப்படியே இருந்தது. சார் விரலை வச்சு உயரம் பார்த்துட்டுப் போனவர், ரெண்டு வாரம் பேச்சே இல்லை. அப்புறம் இஞ்சினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். 38 லட்சத்துக்கு முடிஞ்சது. பெரியப்பா பங்குல குறைஞ்சதை அப்பா தன் பங்குல இருந்து கொடுத்தார். நான் சென்னைக்குப் போய் சி.ஏ. கோச்சிங் சேர்றது ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அதுல வருத்தமே இல்லைன்னு சொன்னா பொய். பத்திரத்துல, 2023 வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்த விவரம் கிரையம் பெறுபவருக்குத் தெரிவிக்கப்பட்டதுன்னு ஒரு வரி சேர்த்தோம். பத்திரம் எழுதுறவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "இப்படி ஒரு வரி நான் எழுதினதே இல்லையே தம்பி"ன்னார். அந்த வரி வாங்குறவருக்கு மட்டுமில்ல, எங்களுக்கும் காப்பு. அவருக்குத் தெரிஞ்ச குறைக்கு அப்புறம் எங்க மேல கேள்வி வராது.

புது வீடு, பிளாட் வாங்குறவங்களுக்குக் கதை வேற. 2014 ஜூன் 28-ல சென்னை மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 2016-ல ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைச்ச அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத்தரத்துலயோ குறை தெரிஞ்சா, சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் காசு வாங்காம சரி பண்ணணும். பில்டருக்கு அது முன்னாடியே தெரியுமாங்கிற கேள்வியே இல்லை. ஆனா 500 சதுர மீட்டருக்கு மேல போகாத இடம், எட்டு வீட்டுக்கு மேல போகாத கட்டடம்னா அந்தச் சட்டத்துல பதிவு பண்ணத் தேவையில்லை. பாளையங்கோட்டையில நாலு நாலு வீடா கட்டி விக்கிற இடத்துல வாங்குறவங்க இதை மனசுல வச்சுக்கிடுங்க. எங்களை மாதிரி குடும்பம் பழைய வீட்டை விக்கிறதுக்கும் இது பொருந்தாது, அதுக்கு 1882-தான்.

நடுவுல ஒரு சுவாரசியம். அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல 1991-ல ஒரு தீர்ப்பு. வீட்டுல பேய் இருக்குன்னு விக்கிற அம்மாவே முன்னாடி பத்திரிகையில எல்லாம் சொல்லியிருக்காங்க, வெளியூர்ல இருந்து வாங்க வந்தவர்கிட்ட மட்டும் சொல்லலை. எவ்வளவு கவனமாப் பார்த்தாலும் பேயைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லி, அவர் ஒப்பந்தத்துல இருந்து விலக கோர்ட் வழிவிட்டது. அதே நியூயார்க்ல 2024 மார்ச்ல இருந்து, வீடு விக்கிறவர் வெள்ளம் வந்த விவரத்தையும் எழுதிக் கொடுக்கணும்னு சட்டம். பேய்க்கு அப்புறம் வெள்ளத்துக்கு வர 33 வருஷம் ஆகியிருக்கு.

எனக்கு ஒரு நெருடல் இருக்கு. ஆத்தோரத்துல வீடு வச்சிருக்கிறவங்க எல்லாரும் பணக்காரங்க இல்லை. ஒருத்தர் உண்மை சொல்லி நாலு லட்சம் இழக்கிறார், பக்கத்துல ஒருத்தர் பூசி மறைச்சு முழு விலைக்கு விக்கிறார்னா, உண்மைக்கு அபராதம் போட்ட மாதிரி ஆயிடுது. தெருத்தெருவா 2023-ல தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சுன்னு அளந்து, வில்லங்கச் சான்று மாதிரி யார் வேணும்னாலும் பார்க்கிற ஆவணமா வச்சா இந்தப் பஞ்சாயத்தே வராது. விலையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்கும்.

அதுவரைக்கும், வீடு வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்:

* கேள்வி கேளுங்க. அதே 55-வது பிரிவுல, சொத்தைப் பத்தி வாங்குறவர் கேக்கிற கேள்விக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றதும் விக்கிறவர் கடமை. எழுதிக் கேட்டு, எழுதியே பதில் வாங்குங்க.
* மழைக்காலத்துல ஒரு தடவை, கோடையில ஒரு தடவை பாருங்க. முடியலைன்னா பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட பேசுங்க.
* பீரோவை நகர்த்தச் சொல்லுங்க. அலமாரிக்குள்ள பாருங்க.
* பேங்க் ஏலத்துல எடுக்கிறீங்கன்னா, "உள்ளது உள்ளபடி"ங்கிற வரியை ரெண்டு தடவை படிங்க.

விக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. தெரிஞ்சதைச் சொல்லிடுங்க, சொன்னதைப் பத்திரத்துல எழுதிடுங்க.

உங்க ஊர்ல எப்படி? வைகைக்கரை, காவிரிக்கரைக்காரங்க யாராவது வெள்ளம் வந்த வீட்டை வித்த, வாங்கின அனுபவம் இருந்தா சொல்லுங்க. சட்டக் கல்லூரி நண்பர்கள் நான் சொன்ன பிரிவுகளுக்கு நல்ல தீர்ப்புகள் தெரிஞ்சா கொடுங்க. பெரியப்பாகிட்ட காட்டணும்.