நாடு கடத்தலில் இரு நீதி
தெமியாங் தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு நாடு கடத்தல் புதிய சொல்லன்று. 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளருக்காகக் கூலி உயர்வு கேட்ட தோழர் ஆர். எச். நாதனை வெள்ளைச் சர்க்கார் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அதற்கு நியாயஸ்தலத்தின் தீர்ப்பு தேவைப்படவில்லை.

பங்களாதேஷின் முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவின் கதையோ வேறு. 2024 ஆகஸ்டில் அவர் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். டிசம்பரில் டாக்கா சர்க்கார் அவரை ஒப்படைக்கக் கேட்டது. 2025 நவம்பரில் அங்குள்ள நியாயஸ்தலம், அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. அவ்விரு நாடுகளின் 2013 உடன்படிக்கை, அரசியல் குற்றமாயின் மறுக்கலாம் என்கிறது. கொலை அரசியல் குற்றமாகாது என்றும் அதுவே சொல்கிறது.

மாண்ட மாணவரின் பெற்றோர் நீதி கேட்பது முறையே. எனினும் தூக்குக் கயிற்றுக்கு ஒருவரை அனுப்புமுன் தீர விசாரிப்பதும் முறையே. ஆட்சி செய்தவர்க்கு இவ்விசாரணை உண்டு. உழைப்பவர்க்காகப் பேசிய நாதனுக்கு அது இருந்ததா?