கொடுத்த சிப்பாய்

வெள்ளைக் காய்கள் கிடைத்து, எதிராளியும் அதற்கு வழிவிட்டால், நான் ஆடுவது எவன்ஸ் காம்பிட்தான். இரு பக்கமும் சிப்பாய், குதிரை, பிஷப் என்று நிதானமாக வெளியே வரும். நான்காவது நகர்த்தலில் ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றைத் தள்ளி, எதிராளியின் பிஷப் வெட்டட்டும் என்று வைத்துவிடுவேன். 1820களில் இதைக் கொண்டுவந்தவர் வேல்ஸ்காரரான கப்பல் கேப்டன் வில்லியம் டேவிஸ் எவன்ஸ்.

வெட்டிய பிஷப்பை என் அடுத்த சிப்பாய் துரத்தும். அது ஒதுங்க இடம் தேடும் நேரத்தில் நடுப்பலகை என் கைக்கு வரும். சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறோம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வாங்கிய நேரம் தங்காது. இரண்டு நகர்த்தல் சும்மா ஆடினால் கரைந்துவிடும். சிப்பாய் போனது மட்டும் மிஞ்சும்.

இந்தக் கணக்கை எதிர்ப்பக்கமிருந்து அறிந்தவர் உலகச் சாம்பியன் இமானுவேல் லாஸ்கர். வாங்கிய சிப்பாயை உரிய வேளையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல நிலையோடு தொடரும் வழியைக் காட்டினார். பிறகு பெரிய போட்டிகளில் எவன்ஸ் அருகிப்போனது.

அதை 1995இல் ரீகாவில் நடந்த தால் நினைவுப் போட்டியில், நம் ஆனந்துக்கு எதிராகக் காஸ்பரோவ் எடுத்தார். ஆனந்த் சிப்பாயை வெட்டிவிட்டு பிஷப்பை ராஜாவின் முன்னால் நிறுத்தினார். அவருடைய ராஜா பக்கக் குதிரை மட்டுமே நான்கு முறை இடம் மாற நேர்ந்தது. அதற்குள் வெள்ளை ராணி வந்து மிரட்ட, ஆனந்த் ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றை நகர்த்த வேண்டியதாயிற்று. அதனால் விழுந்த ஓட்டையில், 15ஆம் நகர்த்தலில் காஸ்பரோவ் தன் பிஷப்பை உட்கார வைத்தார். இனி ஆனந்த் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது.

ஆனந்த் இன்னொரு சிப்பாயையும் வெட்டினார். குதிரைக்குக் குதிரை போனது. இப்போது காஸ்பரோவுக்கு இரண்டு சிப்பாய் குறைவு. அவர் அவற்றை மீட்க ஓடவில்லை. அதுவரை வீட்டிலேயே இருந்த இரண்டாவது குதிரையை 17ஆம் நகர்த்தலில் வெளியே எடுத்தார். 25ஆம் நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. ஆனந்தின் இரண்டு யானைகளும் கடைசிவரை மூலையைவிட்டு அசையவே இல்லை.

சிப்பாயை நீட்டும் நகர்த்தலைத்தான் எல்லோரும் துணிச்சல் என்பார்கள். எனக்கு அந்தப் பதினேழாவது நகர்த்தல்தான் பெரிய துணிச்சல். கையில் குறைவு இருக்கும்போது பதறாமல், அடுத்த காயைப் போருக்கு அழைத்து வர நெஞ்சுரம் வேண்டும். கொடுப்பதற்கு ஒரு நொடி போதும். கொடுத்ததற்கு ஏற்றபடி ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுவதுதான் காம்பிட். அதனால் இதைப் பழக வருகிறவர்களிடம் ஒன்றே சொல்வேன்: சிப்பாய்களை எண்ணாதீர்கள். நம் வீட்டில் இன்னும் எத்தனை காய் சும்மா இருக்கிறது, எதிராளி வீட்டில் எத்தனை என்று எண்ணுங்கள். நம்முடையது குறைவாக இருக்கும்வரை, கொடுத்த சிப்பாய் வீண் போகவில்லை.