தண்ணீரில் எரியும் விளக்கு

திருவாரூரில் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்தவர் நமிநந்தி அடிகள் என்று பெரியபுராணத்தில் படித்திருக்கிறோம். அது அடியவரின் வரலாறு. அதைத் தராசில் நிறுக்க நான் வரவில்லை. சென்ற ஆண்டு என் மாமாவின் பட்டறைக்கு ஒருவர் வந்து, "தண்ணீரிலிருந்து மின்சாரம்" என்று சொன்னபோதுதான் எனக்குத் தராசு தேவைப்பட்டது.

ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றுப் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது மாமாவின் பட்டறை. ஸ்பிரிங், போல்ட்டு, நட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசும் தொழில். மின்கட்டணம்தான் அவருக்கு எமன். வந்தவர் ஒரு பெட்டியின் படத்தைக் காட்டினார். "குளிர் அணுக்கரு இணைவு, நம் பாபா அணு ஆராய்ச்சி மையமே ஒப்புக்கொண்டது" என்றார். முன்பணம் இரண்டு இலட்சம் கேட்டார். புது ரெக்டிஃபையர் வாங்க மாமா சேர்த்து வைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். "நீ பிசிக்ஸ் படிக்கிறே இல்ல மாப்ளே, ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார். செமஸ்டர் தேர்வில்கூட நான் அப்படி வியர்த்ததில்லை.

நூலகத்தில் தேடியபோது, வந்தவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. சங்கடமே அதுதான். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலார் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஒரு செய்தி சொன்னார்கள். கனநீரில் பலேடியத்தை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், செலுத்தியதைவிட அதிக வெப்பம் வருகிறது; டியூட்டீரிய அணுக்கருக்கள் இணைவதே காரணம் என்றார்கள். கதிரவனின் நடுவே ஒன்றரைக் கோடி டிகிரியில் நடக்கும் இணைவு, மேசைமேல் ஒரு கண்ணாடிக் கலத்தில்! அதே ஆண்டில் டிராம்பேயிலும், பி. கே. அய்யங்கார் இயக்குநராக இருந்த பாபா மையத்தில், பல குழுக்கள் முயன்றன. ட்ரிட்டியம் கண்டதாக அறிக்கையும் வெளியிட்டன.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "ஹைட்ரஜன் இரும்புக்குள்ள பூந்துக்கும்பா. முலாம் போட்ட ஸ்பிரிங்கை ஓவன்ல வெச்சு அதை வெளியேத்தலேன்னா பட்டுனு ஒடைஞ்சிடும்" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பலேடியமோ தன் பருமனைப் போல் 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்ச வல்லது. ஆகவே, உள்ளே புகுவது கதையன்று. ஆனால் புகுவது வேறு, இணைவது வேறு. பலேடியத்துக்குள் இரண்டு டியூட்டீரிய அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு, டியூட்டீரிய வாயுவின் மூலக்கூறில் உள்ளதைவிட அதிகம்! நெருக்கிப் பிடிக்கிறது என்ற வாதம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

அடுத்தது நியூட்ரான். டியூட்டீரியக் கருக்கள் இணையும்போது ஏறத்தாழப் பாதித் தடவை நியூட்ரானும், மீதிப் பாதி ட்ரிட்டியமும் பிறக்கும். ஒரே ஒரு வாட் வெப்பம் வந்தாலும் நொடிக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் கோடி நியூட்ரான்கள் பாய வேண்டும். காப்புச் சுவர் இல்லாமல் பக்கத்தில் நின்றவர் பிழைத்திருக்கமாட்டார். யூட்டாவில் இருவரும் நலமாகவே இருந்தார்கள்.

வெப்பக் கணக்கைப் பற்றி மாமா சொன்னதைக் கேளுங்கள்: "தொட்டியில மேல ஒரு சூடு, கீழ ஒரு சூடு. கலக்காம தெர்மாமீட்டர் வெச்சா ஏமாந்துடுவே." கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் 1989இல் எழுப்பிய முக்கிய ஐயங்களில் இதுவும் ஒன்று.

டிராம்பே ட்ரிட்டியத்தை மட்டும் என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. அங்கே ட்ரிட்டியம் நியூட்ரானைவிடப் பல இலட்சம் மடங்குக்கும் மேலாக வந்ததாகச் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த இயற்பியலில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக வரவேண்டும். கனநீரில் முன்பே கொஞ்சம் ட்ரிட்டியம் இருந்து, மின்பகுப்பில் செறிந்திருக்கலாம் என்பது எதிர்ப்பக்கத்தார் வாதம். அளந்தவர்களோ கதிரியக்கத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இந்தத் துறையின் பதினாறாவது பன்னாட்டு மாநாடு 2011 பிப்ரவரியில் நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. கூகுள் நிறுவனம் பணம் கொடுத்துப் பல ஆய்வகங்களில் மறுபடி செய்து பார்க்கவைத்தது. குளிர் இணைவுக்குச் சான்று எதுவும் கிட்டவில்லை என்று 2019இல் 'நேச்சர்' இதழில் அந்தக் குழு எழுதியது. முப்பது ஆண்டுகளில், யார் செய்தாலும் வரும் என்று சொல்லத்தக்க ஒரு சோதனைகூட அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம், "ஆராய்ச்சி செய்பவர்கள் செய்யட்டும் மாமா. அதில் இன்னும் கேள்வி இருக்கிறது, பெட்டி இல்லை" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனாலும் வந்தவரை நேரடியாக மறுக்கவில்லை.

"பெட்டியை இங்க ஒரு வாரம் வைங்க சார். ஈ.பி. ஒயர் கூடாது, பேட்டரி கூடாது. இந்த ஒரு தொட்டி ஓடினா அன்னிக்கே பணம்" என்றார்.

எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரெக்டிஃபையர் ஆவணியில் வந்து மாட்டியாகிவிட்டது. பெட்டி இன்னும் வரவில்லை.