ஐந்தாம் கால்

தீர்த்தமலை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அடிவாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆயாதான். திருவிழாவுக்கு வீட்டார் எல்லோரும் படியேறுவோம். இராம தீர்த்தத்தில் தலை நனைத்து, தீர்த்தகிரீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவோம். ஆயா மட்டும் கீழே புளியமரத்து நிழலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். மூட்டுவலி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவளுடைய இடது கணுக்காலுக்கு மேலே, நாலணாக் காசு அளவில் சுருங்கிப் பளபளக்கும் ஒரு வடு உண்டு. கேட்டால், "நரம்புச் சிலந்தி வந்த தடம்" என்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது.

அந்த வடுவின் காரணத்தை நான் தெரிந்துகொண்டது மலையிலிருந்து வெகுதொலைவில், கடற்கரையில், வேறு காரியமாகப் போன இடத்தில்.

*

1991ஆம் ஆண்டு கடல் உயிரியல் படிப்பதற்காகப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம் அங்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. எங்கள் பகுதியைத் தொட்டுக்கொண்டு ஓடும் தென்பெண்ணை, அங்கிருந்து சற்று வடக்கே கடலூரை ஒட்டி வங்கக் கடலில் கலக்கிறது. ஊரை விட்டு வந்த ஏக்கத்துக்கு அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. அனுமந்தீர்த்தத்தில் நான் பார்த்த ஆறுதான் இந்தப் பக்கம் எங்கோ வந்து முடிகிறது என்று எண்ணிக்கொள்வேன்.

விடியற்காலையில் படகுக்குப் பின்னால் நுண்கண்ணி வலையைக் கட்டி இழுப்போம். கூம்பு வடிவமான வலையின் நுனியில் ஒரு புட்டி. பத்து நிமிடம் கழித்துத் தூக்கினால் புட்டிக்குள் நொய்க்கஞ்சி போல ஏதோ கலங்கித் தெரியும். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழே வைத்தால், கஞ்சியின் பருக்கைகள் ஒவ்வொன்றும் உயிராக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. ஆனால் உடல் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கிரேக்கத்தில் துடுப்பையும் காலையும் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்துக் கோப்பிபோடா என்று பெயர் வைத்தார்கள். தமிழில் துடுப்புக்காலி. மொழிபெயர்ப்புச் சொல் என்றாலும் அந்தப் பிராணிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

பெயரின் காரணம் அதன் உடற்கூறில் இருக்கிறது. நீள்வட்டமான முன்னுடலின் அடியில் நான்கு இணை நீச்சல் கால்கள். ஒவ்வோர் இணையிலும் இடக்காலையும் வலக்காலையும் நடுவில் ஒரு தகடு பிணைத்திருக்கிறது. அதனால் ஒரு கால் மட்டும் தனியாக அசைய முடியாது. படகில் இருபுறமும் ஒரே தாளத்தில் துடுப்பு விழுவதைப் போல, இணை இணையாகவே அவை பின்னால் வீசும். ஒரே வீச்சில் தன் உடலைப்போல் பல மடங்கு தூரம் தாவிவிடும். தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்புகள், நெற்றியின் நடுவில் ஒரே ஒரு கண், பின்னால் கவை போலப் பிரியும் வால். செவுள் கிடையாது. இத்தனை சிறிய உடலுக்குத் தோலின் வழியாக வரும் பிராணவாயுவே போதும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கும் தாய்க்கும் எந்தச் சாயலும் இருக்காது. நாப்ளியஸ் என்ற அந்தக் குஞ்சு மூன்று இணை உறுப்புகளோடு பூச்சி போலத் தத்தளிக்கும். அதற்கு ஆறு பருவங்கள். பிறகு கோப்பிபோடிட் என்ற அடுத்த வடிவில் இன்னும் ஐந்து. ஒவ்வொரு முறையும் ஓட்டைக் கழற்றிப் போட்டுக் கடைசியில்தான் முழு வளர்ச்சி அடைகிறது.

இன்று பெயரிடப்பட்டுள்ள துடுப்புக்காலி இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். நம் கடலில் உள்ளவற்றை அடையாளம் காண எங்களுக்கு இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று சீமோர் சீவெல் எழுதியது. இந்திய மருத்துவப் பணியில் மருத்துவராக இருந்து, பின்பு இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநரானவர் அவர். இந்தியக் கடல்களின் துடுப்புக்காலிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1929லும் 1932லும் வெளிவந்தது. மற்றொன்று எல். ஆர். கஸ்தூரிரங்கன் 1963இல் வெளியிட்ட மெலிந்த கையேடு. அதன் நகலெடுத்த பிரதி ஒன்று எங்கள் விடுதியில் கைமாறிக்கொண்டே இருந்தது. படிப்படியாகக் கேள்வி கேட்டு இட்டுச்செல்லும் நூல் அது. இப்படி இருந்தால் இந்தப் பக்கம் போ, அப்படி இருந்தால் அந்தப் பக்கம் போ. பொறுமையாக இறங்கிப்போனால் கடைசியில் ஒரு பெயர் காத்திருக்கும்.

முதல் கேள்வி உடல் எங்கே மடிகிறது என்பது. ஐந்தாம் கால் இருக்கும் கண்டத்துக்குப் பின்னால் மடிந்தால் அது கலனாய்டு வரிசை. அந்தக் கண்டத்துக்கு முன்னாலேயே மடிந்தால் சைக்ளோபாய்டு முதலிய பிற வரிசைகள். வாழ்நாளை நேப்பிள்ஸ் வளைகுடாவின் துடுப்புக்காலிகளுக்குக் கொடுத்த கீஸ்பிரெக்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு சொன்ன வேறுபாடு இது. பார்வைக்கு அற்பமான ஒரு மூட்டு, இரண்டு பெருங்குலங்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

கடைசிக் கேள்வி பெரும்பாலும் அந்த ஐந்தாம் காலைப் பற்றியே இருக்கும். நீந்துவதற்கு நான்கு இணைகள் போதும். ஐந்தாவது இணை வேறு வேலைக்காக உருமாறிவிட்டது. கலனாய்டு ஆண்களில் இடமும் வலமும் ஒன்றுபோல் இரா. லாபிடோசெராவின் ஆணில் வலது ஐந்தாம் கால் நண்டின் கொடுக்கு போலிருக்கும். பெண்ணைப் பற்றிக்கொள்வதற்கும் விந்துப் பையை ஒட்டவைப்பதற்கும் ஏற்பட்ட உறுப்பு அது. இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். எனவே கிளிசரின் துளியில் பிராணியைக் கிடத்தி, தீக்குச்சியில் செருகிய பூச்சி ஊசிகள் இரண்டைக் கொண்டு அந்தக் காலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. முதல் மாதத்தில் நான் பிரித்தெடுத்ததைவிடத் தொலைத்ததே அதிகம். "ஐந்தாம் காலைப் பார்க்காமல் வாயைத் திறந்து பேர் சொல்லாதே" என்பார் எங்கள் ஆசிரியர்.

*

கடல் சைக்ளோபாய்டுகளில் அடிக்கடி கிடைப்பது ஒயிதோனா. ஊசி போல மெலிந்த உடல். பெண் தன் வாலின் இருபுறமும் ஒவ்வொரு முட்டைப் பையைச் சுமந்துகொண்டு திரியும். ஒருநாள் அதை வரைந்துகொண்டிருந்தபோது, "இதன் பங்காளிகள் உங்கள் ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் இருக்கிறார்கள், தெரியுமா?" என்று கேட்டார் ஆசிரியர். சைக்ளாப்ஸ் என்ற பெயரைப் பள்ளியில் கேட்டிருந்தேன். கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர் அது. நன்னீரில் வாழும் ஒரு மில்லிமீட்டர்ப் பிராணிக்கு அந்தப் பெயரை வைத்தவர் டேனிஷ் இயற்கையாளர் முல்லர். மெசோசைக்ளாப்ஸ் என்ற பேரினத்தின் பெண்ணுக்கு உணர்கொம்பில் பதினேழு கணுக்கள். ஐந்தாம் கால் தேய்ந்து இரண்டு கணுக்களாகச் சுருங்கியிருக்கும். அதன் நுனியில் ஒரு நீண்ட முள்மயிர், உட்பக்கத்தில் ஒரு முள். அவ்வளவுதான். கோடையில் ஏரி வற்றினால், முழு வளர்ச்சிக்கு முந்தைய பருவத்தில் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, மழை வந்ததும் எழுந்து வரக்கூடிய இனங்கள் இந்தக் குலத்தில் உண்டு.

ஆசிரியர் தொடர்ந்து சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. 1870இல் அலெக்சி ஃபெத்சென்கோ என்ற ருஷ்ய ஆய்வாளர் துர்க்கிஸ்தானத்தில் கண்டுபிடித்தார்: நரம்புச் சிலந்தியின் புழுக்குஞ்சு தண்ணீரில் தானாக வாழ்ந்து மனிதனைப் பிடிப்பதில்லை. அதைச் சைக்ளாப்ஸ் விழுங்குகிறது. குடலைத் துளைத்து அதன் உடற்குழிக்குள் போய்ச் சுமார் இரண்டு வாரம் அங்கே வளர்கிறது. அந்தச் சைக்ளாப்ஸைத் தண்ணீரோடு மனிதர் குடிக்கிறார்கள். இரைப்பையில் சைக்ளாப்ஸ் செத்துவிடும், புழு சாகாது. ஏறத்தாழ ஒரு வருடம் உடம்புக்குள் வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்ட பெண் புழு, பெரும்பாலும் காலில் கொப்புளத்தை உண்டாக்கி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் அந்த நொடியில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அது நீரில் விடும். படியிறங்கித் தண்ணீரைத் தொடும் கிணறுகளே இந்த நோயின் வீடு.

"ஒரு வருடம்" என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

*

அந்த விடுமுறையில் ஏரியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் அள்ளிவந்து, கைக்கண்ணாடியோடு ஆயாவின் முன்னால் உட்கார்ந்தேன். வெள்ளைப் பொட்டுகள் துள்ளுவதை அவள் கூர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் மூட்டை கட்டித் தூக்கிக்கிட்டுப் போவுதே, என்னா சாமி அது?"

"முட்டை ஆயா."

"புள்ளைத்தாச்சியா?" என்று சிரித்தாள். பிறகு நான் நரம்புச் சிலந்தியின் கதையைச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. வெகுநேரம் கழித்து அவள் கதையைச் சொன்னாள்.

அவளுக்குப் பிறந்த முதல் குழந்தைக்கு இருபதாம் நாள் காய்ச்சல் கண்டிருக்கிறது. தீட்டு கழிய இன்னும் நாள் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் விடியலில் மலையேறி, இராம தீர்த்தத்தைச் செம்பில் பிடித்து வந்து குழந்தையின் வாயில் விட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. அடுத்த வருடம் அதே மாதத்தில் அவள் காலில் கொப்புளம் கிளம்பியது. விளக்குமாற்றுக் குச்சியில் நாளுக்கு ஒரு விரற்கடையாகப் புழுவைச் சுற்றி எடுத்தார்களாம். "தீட்டோட தீர்த்தத்தைத் தொட்டேன், புள்ளையையும் எடுத்துக்கிட்டு, என் காலுலயும் எழுதிப்புட்டான்" என்றாள். அதனால்தான் ஐம்பது வருடமாக அவள் மலையேறவில்லை.

சரியாக ஒரு வருடம். புழுவுக்கு உடம்புக்குள் வேண்டியிருந்த காலத்தை அவள் சாமி கணக்கு வைத்திருந்த காலமாக எண்ணிவிட்டாள். நான் பரபரப்போடு விளக்கினேன். பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் இந்தப் பிராணி தங்காது; ஊர் இறங்குகிணற்றில் எல்லோரையும்போல நீயும் தண்ணீர் குடித்தாய், அவ்வளவுதான்; உன் தீட்டுக்கும் புழுவுக்கும் சம்பந்தம் இல்லை. குழந்தைக்கு வந்த காய்ச்சலுக்கும் இதற்கும்கூடச் சம்பந்தம் இல்லை. ஒரு பெயரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் எனக்கு.

ஆயா குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் பத்தி எரியும் சாமி. கெணத்துப் படியில உக்காந்து தண்ணியில காலை வெச்சிக்குவேன். அப்பத்தான் ஆறும். பத்து இருவது நாள் அப்படித்தான் கெடந்தேன்."

எனக்கு அவள் எங்கே போகிறாள் என்று புரிந்தது. தடுக்க வழி தெரியவில்லை.

"அதுக்கு அடுத்த வருசம் ஊருல ஏழெட்டுப் பேருக்கு வந்துச்சு. மேலத்தெருக்காரிக்குக் கால் சூம்பியே போச்சு."

"தெரியாமச் செஞ்சதுதானே ஆயா."

"தெரியாமத்தான் சாமி. செஞ்சது செஞ்சதுதானே."

கஸ்தூரிரங்கனின் கையேட்டில் ஒவ்வொரு படியிலும் இரண்டே வழிகள். ஒன்று சரியென்றால் மற்றது இல்லை. சாபம் இல்லை என்று ஆனவுடன் ஆயாவின் மனச்சுமை இறங்கிவிடும் என்று நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளோ கடவுள் கொடுத்த தண்டனையைக் கீழே வைத்துவிட்டு, மனிதர்களுக்குப் பட்ட கடனை எடுத்துக்கொண்டாள். எது கனம் என்று நான் கேட்கவில்லை.

*

1980களின் தொடக்கத்தில் மத்திய அரசு நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இறங்குகிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள், அடிகுழாய்கள் போட்டார்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஒரு மில்லிமீட்டர்ப் பிராணியைத் துணி தடுக்கும் என்ற அறிவு ஒன்றுதான் ஆயுதம். இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்று அளித்தது. 1986இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேரைப் பீடித்ததாக மதிப்பிடப்பட்ட நோய், 2024இல் 15 பேரிடம் மட்டுமே கண்டறியப்பட்டது.

எங்கள் ஊர் இறங்குகிணறு அதற்கு முன்பே தூர்ந்துவிட்டது.

அந்த உரையாடலுக்கு அடுத்த வருடத் திருவிழாவில் ஆயா என்னோடு மலையேறினாள். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, வெயில் உச்சிக்கு வந்தபோது இராம தீர்த்தத்தை அடைந்தோம். வரிசையில் எங்கள் முறை வந்தது. ஆயா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியவள், நீர் விழும் இடத்துக்குள் காலெடுத்து வைக்காமல் நின்றாள். அது விழும் நீர், உன் புண் ஆறி ஐம்பது வருடமாகிறது என்று காதருகில் சொன்னேன். தலையை ஆட்டினாள். பிறகு ஒதுங்கிக் காய்ந்த பாறைமேல் நின்றுகொண்டு, செம்பை என்னிடம் நீட்டினாள்.

நான் பிடித்து வந்து கொடுத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, அது கீழே வழிந்து யார் குடிக்கும் நீரிலும் போய்ச் சேராத இடமாகப் பார்த்து நின்றாள்.