குழியில் பாதி, சாடியில் பாதி

குருக்கள்மடத்தில் பழைய மரத்தைக் கிளப்புவது எளிது, பிழைக்க வைப்பதுதான் பாடு. கல்முனை வீதியின் இருபுறமும் மணல். அலவாங்கு தேவையில்லை, மண்வெட்டி போதும். ஆனால் மரத்தைத் தூக்கியதும் வேரைப் பிடித்திருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயலோரக் களிமண்ணில், தோண்ட முதுகு முறியும். மரமோ மண்கட்டியோடு முழுசாக வரும். சாக்கில் கட்டி அம்பிளாந்துறையில் பாதைப் படகில் ஏற்றினால் இக்கரை வந்துவிடும்.

நான் பார்க்கப் போனது இக்கரைக் கொய்யா. வீடு கட்ட வளவைத் துப்புரவாக்கியவர்கள் வெட்டி எறியவிருந்த கிழட்டு மரம், அடி தொடைப் பருமன். அதைப் போன்சாயாக்க எடுத்தவர் பூங்கன்று விற்கிறவர். "காட்டு மரத்துல கை வைக்கப்படா தம்பி. விழப்போற மரம்தான் நம்மட கணக்கு" என்றார். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வளவுக்காரரிடம் தவணை கேட்டு, முதலில் மரத்தைச் சுற்றிப் பாதி வட்டம்தான் வெட்டினார்களாம். குழியில் மட்கிய சாணமும் தும்புத்தூளும். அதில் நுண்வேர் ஓடிய பிறகு மற்றப் பாதி, ஆணிவேர் கடைசியில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொடமாட்டார்கள். இலை இழக்கும் ஈரத்தை அறுந்த வேர் ஈடுகட்டாது. மாரி தொடங்கும் ஐப்பசிதான் தோது.

குழி வெட்டியவர் இரவில் வாவியில் வலை போடுகிறவர். அடிமரத்துக்குக் கிட்டப் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டு விரலால் மணலைக் கோதி எடுப்பாராம். போன்சாயின் விதி அந்த விரல்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவிலிருந்து வெளியேறிய தோட்டக்காரர்கள் 1925இல் ஓமியாவில் போன்சாய் ஊரையே அமைத்தார்கள். வளர்த்தவர்கள் மட்டுமல்ல, ஜப்பானிய மலைப்பாறைகளில் கயிறு கட்டி இறங்கி ஜூனிப்பர் பெயர்த்து வந்தவர்களும் இருந்தார்கள். கண்காட்சியில் நாம் கேட்பதோ பெரும்பாலும் வளர்த்தவரின் பெயரைத்தான்.

முழங்கால் உயரத்தில் அறுக்கப்பட்ட கொய்யா இப்போது மீன் வந்த ரெஜிபோம் பெட்டியில் இருக்கிறது. அடியில் துளைகள், உள்ளே உடைத்த செங்கல்லும் கழுவிய மணலும். சீமெந்துச் சாடிக்கு இன்னும் காலம் இருக்கிறது. வெட்டுவாயைச் சுற்றி வெடித்த தளிர்களில் ஒன்றை மட்டும் நீள விட்டுப் பருக்க வைத்து, திரும்ப வெட்டி, அதன் தளிரை மறுபடி நீள விடுகிறார் பூங்கன்றுக்காரர். அடி பருத்து நுனி சிறுத்த மரமென்று கண் நம்பும்வரை இதே வேலைதான். வளைக்கப் பழைய மின்கம்பியின் செம்பு, சிரட்டை நெருப்பில் சுட்டு ஆறவிட்டது. சுடாத செம்பு விறைப்பு, முறுக்கும்போது இளங்கொப்பு முறிந்துவிடும்.

கிள்ளியும் வெயிலில் வைத்தும் இலையைச் சிறுக்க வைக்கலாம். பழம் சொல் கேளாது. முழ உயர மரத்திலும் கொய்யா தன் அளவில்தான் காய்க்கும். தேசியும் சிறுகாய் மாதுளையும் போன்சாய்க்கு அழகு. விளாவைச் சாடியில் காய்க்க விட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். காய் மரத்தின் சத்தை இழுப்பதால், கொப்புகள் உரம் பெறும்வரை பூவையே கிள்ளிவிடுகிறார்.

நான் நிற்கும்போதே மட்டக்களப்பிலிருந்து ஒருவர் வந்து விலை கேட்டார். காயோடு வேண்டுமாம்.

"மூணு மாரி போகட்டும், மறுகா பேசுவம்."

குழி வெட்டிய கூலியைப் பூங்கன்றுக்காரர் எப்போதோ கொடுத்துவிட்டார். அந்த மரத்தால் இன்னும் ஒரு ரூபாய்கூட அவருக்கு வரவில்லை.