உறைபனி மாதங்களில் ஒரு பெட்டைக் குட்டி

ஊட்டிக் குளிர்காலம் வெளியூர்க்காரர்களுக்குப் புல்வெளியில் வெள்ளைப் பனி, கையில் சூடான டீ, நாலு போட்டோ. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சீசன் இல்லாத காலம். சவாரிக் குதிரை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏப்ரல், மே மாதச் சம்பாத்தியத்தை நம்பித்தான் ஆண்டை ஓட்ட வேண்டும். டிசம்பர் கடைசி விடுமுறையில் கொஞ்சம் காசு புரளும். பொங்கலோடு அதுவும் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் புல்லும் பனியில் கருகும். வரும்படி இல்லாத மாதமும் தீனியை விலைக்கு வாங்க வேண்டிய மாதமும் ஒன்றாகவே வந்து நிற்கும்.

இதற்குப் பலர் கண்டுபிடித்திருக்கும் வழி, குதிரையைத் தெருவில் அவிழ்த்துவிடுவது. குப்பைத்தொட்டியில் முட்டைக்கோஸ் இலையோடு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பசிக்கிற வீட்டில் கடைசித் தட்டு யாருக்கு என்று முடிவு செய்யும் கணக்குதான் அது. கடைசித் தட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மல்லி மே மாதம் பிறந்தாள். ஆறு மாதத்தில், அதாவது சரியாக நவம்பரில், பால் மறக்கடிக்க வேண்டியிருந்தது. தாயின் பாலும் தரையின் புல்லும் ஒரே மாதத்தில் நின்றுபோன குட்டி. எங்களுடையவை மட்டக்குதிரைகள், வளர்ந்தால் இருநூற்றைம்பது கிலோ வரும். அப்போது மல்லி நூற்றுப்பத்துக் கிலோ இருந்திருப்பாள். குதிரைக்குட்டி ஒரு வயதிலேயே தன் முழு உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். எனவே அந்த முதல் குளிர்காலம் எலும்பு கட்டுகிற காலம். அப்போது பட்டினி போட்டுவிட்டுக் கோடையில் அள்ளிக் கொட்டினால் திடீரென்று வளர்கிற வேகத்தில் மூட்டுகள் கெட்டுப்போகும். கொஞ்சமாக, ஒரே சீராக, நாள் தவறாமல் போட வேண்டும். வீட்டு வேலைகளிலேயே யார் கண்ணிலும் படாத வகை இது.

நான் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு வந்து கொள்ளு வேகவைக்கிறேன் என்று என் தோழிகள் சிரிப்பார்கள். குதிரை அவர் பேரில், சவாரி உரிமம் அவர் பேரில். ஏரிக்கரையில் கடிவாளத்தைப் பிடித்து நடப்பவரைத்தான் எல்லோரும் குதிரைக்காரர் என்பார்கள். தீனி வைப்பவளுக்குத் தனியாகப் பெயர் இல்லை. என் மாமியார் நாற்பது வருடம் தீனி வைத்தவர். சாணத்தைப் பார்த்தே வயிற்றைச் சொல்வார், காதைத் தொட்டே குளிரைச் சொல்வார். அவரைக் குதிரைக்காரி என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பலில் வந்திறங்கும் குதிரைகளுக்கு இங்கே கறியும் சோறும் சமைத்துப் போடுவதாகவும், பராமரிக்கத் தெரியாததால் அவை செத்துப்போவதாகவும் எழுதிவைத்தார். அந்தச் சோற்றைச் சமைத்தவர்கள் யாராக இருக்கும் என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அத்தைக்கும் எனக்கும் முதல் சண்டை தவிட்டில் வந்தது. "ரெண்டு படி தவுட்டக் கரைச்சு வையி, போதும். இதோட ஆயாளயும் அப்பிடித்தான் வளத்தேன்" என்றார். கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா வேறு சொன்னார். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கணக்குத் தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். முகத்தின் எலும்பு வீங்கித் தலை பெருத்துப்போகும். போதாக்குறைக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்த மலை முழுக்கப் படர்ந்திருக்கும் கிக்கியூ புல்லில் ஆக்சலேட் இருக்கிறது. அது இருக்கிற கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். புல்லும் தவிடுமாக வளர்ந்த குட்டி வயிறு நிறைந்தே எலும்பு தேயும்.

அத்தை தவிட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அறியாமை இல்லை. அந்த நாளில் அவர் கைக்கு வந்த காசுக்குத் தவிடுதான் கிடைத்தது. கிடைத்ததை நல்லது என்று நம்பிக்கொள்ளாவிட்டால் தினமும் எப்படி அதைப் போட முடியும்?

குதிரைமசால் என்று பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனப்பயிர் கோயம்புத்தூர்ப் பக்கம் விளைகிறது. புரதமும் கால்சியமும் நிறைந்தது. காயவைத்துக் கட்டியதை, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வண்டியில் என் தம்பி ஏற்றிவிடுவான். அதுவும் காய்ந்த ஓட்ஸ் தட்டும் சேர்த்து நாளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல். கொள்ளு அரைக் கிலோ, ஓட்ஸ் அரைக் கிலோ, ஒரு பிடி தாது உப்புக் கலவை. கொள்ளை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் குழைய வேகவைப்பேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிற ஊரில், இளைத்த குட்டிக்குக் கொள்ளு போடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரம்மா கேலி செய்தார். பழமொழி எப்படியோ, கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். குதிரையின் வயிறு சிறியது. எல்லாவற்றையும் மூன்று வேளையாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். கேத்திப் பக்கம் கேரட் கழுவுமிடத்தில் ஒதுக்கிய கேரட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள். அது ஆசைக்கு மட்டும், பெரும்பகுதி தண்ணீர்தான்.

குளிருக்கு எதிராகக் கொள்ளைக் கூட்டத் தேவையில்லை. பின்குடலில் காய்ந்த தட்டு நொதிக்கும்போது வரும் சூடுதான் குதிரையின் கணப்புச்சட்டி. ராத்திரி கடைசியாக வைக்கும் தட்டு கூடுதலாக இருந்தால் விடியற்காலை உறைபனியில் குட்டி நடுங்காது. தண்ணீரைத்தான் மறந்துவிடக் கூடாது. பச்சைப்புல் இல்லாதபோது வயிற்றுக்கு ஈரம் தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். சில்லென்ற தண்ணீரைக் குட்டி இரண்டு வாய் குடித்துவிட்டு நகர்ந்துவிடும். உலர்ந்த தீனி குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றுநோவில் புரண்டே செத்துப்போகும். அதனால் வெதுவெதுப்பாகக் கலந்து, ஒரு சிட்டிகை கல்லுப்புப் போட்டு வைப்பேன். இது அத்தை சொல்லிக் கொடுத்தது.

"விலாவக் கண்ணால பாக்காதீங்கம்மா, கையால பாருங்க" என்றார் டாக்டரம்மா. குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்து குட்டி கொழுகொழுவென்று தெரியும். உள்ளே எலும்பு எண்ணிவிடலாம். ஞாயிறுதோறும் விரலை அழுத்தி விலாவைத் தடவிப் பார்ப்பேன். இன்னொன்று, பெரிய குதிரைகளோடு சேர்த்துத் தீனி வைத்தால் குட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. காதை மடக்கி ஒரு முறைப்பு, அவ்வளவுதான், அது தானாகவே ஒதுங்கி நின்றுவிடும். தனியாகக் கட்டி, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பெண்ணைக் குதிரையோடு ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது. அடங்காதவள், கடிவாளம் போடு என்று அந்த ஒப்பீட்டை ஏற்கெனவே போதுமான அளவு செய்துவிட்டார்கள். ஆனால் அந்த டிசம்பரில் என் மகள் வயதுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி, தாய்மாமன் வீட்டுத் தட்டு என்று வீடு நிறைந்தது. சந்தோஷம்தான். ஆனால் பெண்பிள்ளைகள் வேகமாக உயர்வது வயதுக்கு வருவதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில். அதற்குப் பிறகு வளரப்போவது சில அங்குலம்தான். வளர்கிற வருடங்களில் முட்டையை அண்ணனுக்கு வைத்துவிட்டு, வளர்ந்து முடிகிற நேரத்தில் களி கிண்டுகிறோம். எலும்புக்காகவா கிண்டுகிறோம்? இடுப்புக்காக, பிறக்கப்போகும் பிள்ளைக்காக. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, ஆண்களில் 25. அந்த விருந்து போதவில்லை என்று இதைவிட எப்படிச் சொல்வது?

சடங்குக்கு வந்திருந்த மச்சாண்டார் லாயத்தையும் எட்டிப் பார்த்தார். "குட்டி நல்லாத் தேறிடுச்சேம்மா. ஏப்ரல்ல சின்னப் புள்ளைங்கள ஏத்தலாம். சும்மா எத்தன நாளைக்குத் தீனி போடுவ?" என்றார். முதுகெலும்பு முற்ற இன்னும் வருடங்கள் ஆகும், மூன்று வயதுக்கு முன்னால் சேணம் ஏறாது என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். "அண்ணி இருக்காங்கள்ல, அவங்கள வேணா கேளுங்க மாமா. குட்டி எங்க குழுக் கடன்ல நிக்குது" என்று சொல்லிவிட்டேன்.

அது உண்மை. மகளிர் குழுவில் கடன் கேட்டபோது, எதற்கு என்ற இடத்தில் எல்லோரும் மாடு, ஆடு, தையல் மெஷின் என்று எழுதியிருந்தார்கள். நான் குதிரைத் தீனி என்று எழுதினேன். தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அண்ணிதான் எனக்கு ஜாமீன்.

மார்ச்சில் ஒரு மழை பெய்து புல் துளிர்த்திருக்கிறது. ஒரேயடியாக மேயவிட்டால் வயிறு கெடும், குளம்பும் கெடும். அதனால் முதல் வாரம் கால் மணி நேரம், அடுத்த வாரம் அரை மணி என்று மல்லியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மாற்றிக்கொள்வாள். இரண்டு பேரும் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், இரண்டு நிறச் சாக்பீஸில். மச்சாண்டார் இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடனில் ஐந்து தவணை பாக்கி. அடுத்தது பத்தாம் தேதி.