எட்டு நாள் கடன்

இத்தாலிக்குப் போய் வந்தவர்கள் ரோமாபுரியின் மண்டபங்களைப் பற்றியும் வெனிஸ் நகரத்து ஓடங்களைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நம் சங்க மலரின் ஆசிரியரும் அத்தகைய கட்டுரை ஒன்றைத்தான் என்னிடம் எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப் போவதோ ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி. ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு ஓர் ஆராய்ச்சி மாநாட்டிற்காக நேப்பிள்ஸ் நகருக்குச் சென்றிருந்தேன். முதல் நாள் விருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தவர் அவ்வூர்க்காரர். என்னைப் போலவே ஆராய்ச்சி மாணவர். பேச்சுவாக்கில், "உங்கள் தந்தையார் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "வியாபாரம்" என்றேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள் முதல் எல்லோரிடமும் நான் சொல்லி வந்த விடை அது. அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டில் இலைதழைகளும் ரொட்டியும் மட்டுமே இருப்பதைப் பார்த்துவிட்டு, "நாளை மாலை உங்களுக்கு வயிறாரச் சாப்பாடு வாங்கித் தருவது என் பொறுப்பு" என்றார்.

மறுநாள் மாலை இருவரும் நடந்து சென்றோம். ரெயில் நிலையத்திலிருந்து உம்பெர்த்தோ மன்னர் பெயரால் அமைந்த அகன்ற சாலை ஒன்று செல்கிறது. 1884-இல் காலரா நோய் அவ்வூரை வாட்டியது. அதன் பின்னர் நெருக்கமான பழைய குடியிருப்புகளை இடித்து வெட்டிய சாலை அது. அதிலிருந்து ஒரு சந்தில் திரும்பியதும் பெருங்கூட்டம் தென்பட்டது. ஏதோ சச்சரவு என்று நினைத்தேன். "இல்லை, இவர்கள் எல்லோரும் சாப்பிட வந்தவர்கள்" என்றார் நண்பர். கடையின் பெயர் 'தா மிக்கேலே'. மிக்கேல் என்பவரின் கடை என்று பொருள். வாசலில் எண் எழுதிய சீட்டு ஒன்று கொடுத்தார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிட ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. நின்றபடியே நண்பர் கடையின் வரலாற்றைச் சொல்லி முடித்தார்.

கோந்துர்ரோ என்னும் குடும்பம் பிட்ஸாத் தொழிலில் இறங்கியது 1870-இல். அக்குடும்பத்து மிக்கேல் தம் கடையைத் திறந்தது 1906-இல். பிறகு ஆஸ்பத்திரி ஒன்று கட்டப்பட்டபோது இடம் மாற நேர்ந்தது. 1930 முதல் இதே இடந்தான். அங்கே நெடுங்காலம் இரண்டே வகைகள் விற்றார்கள். ஒன்று மரினாரா, தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, எண்ணெய், அவ்வளவே. மற்றொன்று மார்கெரித்தா, இதில் தக்காளியோடு பாலாடைக் கட்டியும் துளசி இனத்து இலையும் சேரும். சேர்மானம் கூடினால் சுவை கெடும் என்பது அவர்கள் கொள்கை. இப்போது ஒன்றிரண்டு வகைகள் கூடியிருக்கின்றன. வெளிநாடுகளிலும் கிளைகள் உண்டு. ஆயினும் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் பழைய இரண்டைத்தான்.

இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் இந்தப் பண்டம் ஒரு காலத்தில் அவ்வூர் ஏழைகளின் பசி தீர்த்த உணவு. மத்தில்டே செராவோ என்னும் பெண் எழுத்தாளர், 1884-இல் நேப்பிள்ஸ் மக்களின் வறுமையைப் பற்றி எழுதிய நூலில், பிட்ஸாவைத் துண்டு போட்டுச் சில்லறைக் காசுக்குத் தெருவில் விற்றதைக் குறிப்பிடுகிறார். 1889-இல் மார்கெரித்தா அரசியார் விரும்பி உண்டதால் அவர் பெயர் ஒரு வகைக்கு ஏற்பட்டது என்றொரு கதை உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் சிலர் அதை நம்புவதில்லை. அரசியார் உண்டாரோ இல்லையோ, சுமை தூக்கியவர்களும் மீன் பிடித்தவர்களும் உண்டார்கள் என்பதில் ஐயமில்லை.

"கையில் காசில்லாதவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டேன்.

"அதற்கும் வழி இருந்தது. இன்று சாப்பிட்டுவிட்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கலாம். எட்டு நாள் பிட்ஸா என்றே அதற்குப் பெயர்" என்றார் நண்பர். 1954-இல் வெளிவந்த 'நேப்பிள்ஸின் தங்கம்' என்னும் டிசிகாவின் படத்தில் சோபியா லாரன் கடனுக்குப் பிட்ஸா விற்கும் பெண்ணாக நடித்திருக்கிறார் என்றும் சொன்னார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் நினைவு வந்துவிட்டது. அதை வெளிக்காட்டாமல் நின்றேன்.

உள்ளே போனோம். சலவைக்கல் பதித்த சிறு மேசைகள். சுவரில் பழைய புகைப்படங்கள். முன்பின் அறியாத இருவருடன் ஒரே மேசையில் அமர்ந்தோம். என் இடத்திலிருந்து அடுப்பு நன்றாகத் தெரிந்தது. விறகு எரியும் வளைந்த கல்லடுப்பு அது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இந்நான்கையும் சேர்த்துப் பிசைந்து புளிக்க வைத்த உருண்டையை ஒருவர் கையாலேயே தட்டி விரிக்கிறார். உருளைக் கட்டை கிடையாது. மற்றொருவர் தக்காளியைக் கரண்டியின் அடிப்பாகத்தால் வட்டமாகத் தேய்க்கிறார். நம் ஊரில் தோசைக்கல்லில் மாவு தேய்க்கும் அதே சுழற்சி! மூன்றாமவர் அதை நீண்ட துடுப்பில் ஏந்தி அடுப்பில் தள்ளுகிறார். அடுப்பின் சூடு நானூறு டிகிரி செண்டிகிரேடுக்கும் மேல். ஆதலால் ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்துவிடுகிறது. சிறிது கண் அயர்ந்தால் கரி. இந்தக் கைத்திறனைத்தான் 2017-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் கலைச்செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

எனக்கு மரினாரா வந்தது. தட்டுக்கு வெளியே நான்கு புறமும் வழிந்து கிடந்தது. ஓரம் உப்பி, ஆங்காங்கே கருகிய புள்ளிகளுடன் இருந்தது. முதல் வாயிலேயே தக்காளியின் புளிப்பும் பூண்டின் மணமும் தெரிந்தன. மாவு மென்மை, ஆனால் குழையவில்லை. தக்காளி இத்தாலியின் பிறவிச் சொத்தன்று. நம் மிளகாயைப் போல அதுவும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததே. வந்த பொருளை இப்படி வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்ட சாமர்த்தியத்தை எண்ணி வியந்தேன்.

"எப்படி இருக்கிறது?" என்றார் நண்பர்.

"மாவைச் சரியான பதத்தில் எடுத்திருக்கிறார்கள். இன்னும் சற்று நேரம் விட்டிருந்தால் புளிப்பு மிஞ்சியிருக்கும்" என்றேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் உடனே விடை சொல்லவில்லை. அடுப்படியில் நின்றவர் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் தந்தையாரும் அப்படித்தான் துடைத்துக்கொள்வார். கையில் மாவு இருக்கும் அல்லவா?

என் தந்தையார் மாயூரத்தில் மெஸ் நடத்துகிறார். என் பாட்டனார் தொடங்கியது. காலையில் இட்லியும் பொங்கலும், பகலில் இலைச் சாப்பாடு, இரவில் தோசை. பள்ளிப் பருவத்தில் நானும் அங்கே வேலை செய்தேன். ஒரு நாள் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது என் வகுப்புத் தோழன் தன் பெற்றோருடன் சாப்பிட வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் கேலியாகச் சிரித்தானோ, நட்பாகச் சிரித்தானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து என் தந்தையார் 'வியாபாரி' ஆகிவிட்டார்.

மெஸ்ஸின் கல்லாப்பெட்டியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். மாதக் கடைசியில் பணமில்லாத மாணவர்களின் பற்று அதில் ஏறும். சில நாள் எழுதாமலும் விட்டுவிடுவார். "எழுதவில்லையே அப்பா?" என்று கேட்டால், "பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்" என்பார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"என் தந்தை சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்" என்று நண்பரிடம் சொன்னேன். ஒரு பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத்தான் சொன்னேன். அவர் முகத்தில் வியப்போ இரக்கமோ இல்லை. கேள்விகள்தான் வந்தன. எத்தனை தலைமுறை? என்ன மாவு? எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும்? மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? என் ஆராய்ச்சியைப் பற்றி மாநாட்டில் கேட்ட கேள்விகளுக்குத் தடுமாறிய நான், இவற்றுக்கெல்லாம் தடையின்றி விடை சொன்னேன். மேசையில் உடனிருந்த இருவரும் உண்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் தந்தையாருக்குத் தொலைபேசியில் பேசினேன். நம் ஊரில் அப்போது விடியற்காலை. அடுப்பு மூட்டும் நேரம். "சாப்பிட்டாயா?" என்பதுதான் முதல் கேள்வி. கடையைப் பற்றிச் சொன்னேன். "விறகடுப்பா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "கடன் உண்டா?" என்றார். எட்டு நாள் வழக்கத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எட்டு நாள் போதாதே, பாவம்" என்றார்.

நண்பர்களே! உங்களில் பலர் என் தந்தையாரைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நானும் விடை சொல்லியிருக்கிறேன். அந்த விடையை இங்கே திருத்திக்கொள்கிறேன். மாயூரம் வழியாகப் போகிறவர்கள் ரெயிலடிக்கருகே மெஸ் எது என்று கேட்டால் காட்டுவார்கள். என் பெயரைச் சொல்லுங்கள். கையில் காசில்லாவிட்டாலும் பரவாயில்லை.